துருவைத் தடுக்கும் அமிலம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெயிண்ட் ஷாப்புக்குள் போகும் இரும்புத் தகட்டின் மேல் முதலில் படுவது பெயிண்ட் அல்ல. எண்ணெய்ப் பிசுக்கு போகச் சூடான காரத்தில் ஒரு முக்கு, தண்ணீரில் அலசல், அப்புறம் பாஸ்பேட் தொட்டி. உதிரிபாகப் பட்டறைகளில் இந்த வரிசைக்கு ‘செவன் டேங்க்’ என்று பெயர்.

பாஸ்பேட் தொட்டியில் இருப்பது துத்தநாகம் கரைந்த பாஸ்பாரிக் அமிலம். பிஎச் சுமார் 3. அமிலம் இரும்பை அரிக்கும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். பிறகு துருப்பிடிக்காமல் இருக்க இரும்பை அதிலேயே முக்குவானேன்?

பாஸ்பாரிக் அமிலத்திடம் மூன்று ஹைட்ரஜன்கள் உண்டு. முதலாவதைச் சுலபமாக விட்டுவிடும். இரண்டாவதை விடத் தயங்கும். மூன்றாவதைப் பிடுங்க நல்ல காரம் வேண்டும். பிஎச் 3-இல் அது முதலாவதைக் கொடுத்ததோடு நின்றிருக்கிறது. அந்த நிலையில் துத்தநாகம் கரைசலில் சாதுவாகக் கரைந்தே கிடக்கும். தகடு உள்ளே இறங்கியதும் அமிலம் இரும்பைக் கடிக்கிறது. ஹைட்ரஜன் அயனிகள் வாயுவாகிக் கிளம்புகின்றன. தகட்டை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் அமிலம் தீர்ந்து பிஎச் ஏறுகிறது. சமநிலை நகர்கிறது, மிச்ச ஹைட்ரஜன்களும் கழல்கின்றன, கரையாத துத்தநாக பாஸ்பேட் படிகங்களாகி உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. தொட்டியின் மற்ற இடங்களில் எதுவும் அசைவதில்லை. பிளஸ் டூ புத்தகத்தில் ‘அயனிச் சமநிலை’ பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்பேன்.

வெளியே வரும் தகடு பளபளப்பிழந்து சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் பெயிண்ட் பிடித்து நிற்கிறது.

தொட்டியைக் கட்டுக்குள் வைப்பது பக்கத்து மேசையில் நிற்கும் ஒரு பியூரெட். தொட்டியிலிருந்து 10 மி.லி. எடுத்து, புரோமோபீனால் புளூ விட்டு, 0.1 நார்மல் காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். மஞ்சள் நீலமாகத் திரும்பினால் அது ‘ஃப்ரீ ஆசிட்’. இன்னொரு 10 மி.லி.யில் பினாப்தலீன் விட்டு இளஞ்சிவப்பு வரும்வரை இறக்கினால் ‘டோட்டல் ஆசிட்’. செலவான ஒவ்வொரு மி.லி.யும் ஒரு ‘பாயிண்ட்’. முதல் கணக்கு முதல் ஹைட்ரஜனுக்கு, அடுத்தது இரண்டாவதையும் சேர்த்து. ஃப்ரீ ஆசிட் கூடினால் அமிலம் இரும்பை அரிப்பதோடு சரி, பூச்சு திட்டுத்திட்டாக வரும். குறைந்தால் படிகம் தகட்டை விட்டுவிட்டுத் தொட்டிக்குள்ளேயே உருவாகி, காசு கொடுத்து வாங்கிய ரசாயனம் சேறாக அடியில் தங்கும்.

கார் பாடிக்கு அடுத்து வரும் ‘ஈ.டி.’ (மின்படிவுப் பெயிண்ட்) தொட்டியிலும் இதே வித்தைதான், மின்சாரத்தின் உதவியோடு. அமிலம் சேர்த்ததால் நேர்மின்னேற்றம் பெற்ற பிசின் தண்ணீரில் மிதக்கிறது. எதிர்மின்வாயாக நிற்கும் பாடியின் மேல் நீர் சிதைந்து காரம் பிறக்கிறது. அதைத் தொட்ட பிசின் அங்கேயே படிந்துவிடுகிறது. குழாய் இடுக்கு, கதவின் உட்புறம் என ஸ்ப்ரே துப்பாக்கி எட்டாத மூலைகளுக்கும் அது போய்ச் சேரும்.

இத்தனை தொட்டிகளின் அலசல் நீரும் கடைசியில் சுத்திகரிப்புக்கு வந்தாக வேண்டும். சுண்ணாம்பு சேர்த்து பிஎச்சை ஏற்றினால் துத்தநாகமும் பாஸ்பேட்டும் கரையாமல் கீழே இறங்கும். அளவு மிஞ்சினால் துத்தநாகம் காரத்திலும் கரையத் தொடங்கிவிடும். நீர்நிலைகளில் விடும் கழிவுநீரின் பிஎச் 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில்தான் சென்னை குடிக்கும் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது.