குறட்டையும் மௌனமும்

குறட்டை விட்டு உறங்குவாரைக் கண்டால் "நல்ல நித்திரை" என்பர் நம்மவர். அஃது எனக்கு உடன்பாடன்று.

உறங்குங்கால் தொண்டைத் தசைகள் தளரும். மெல்லண்ணமும் உண்ணாக்கும் (உள் + நாக்கு என்பதே இவ்வாறு புணர்ந்தது, மாணாக்கர் நோக்குக) இடுங்கிய வழியிற் செல்லும் காற்றால் அதிரும். அவ்வதிர்வே குறட்டை. மல்லாந்து கிடப்பின் நாவடி பின்னே சரிதலின் ஒலி மிகும். மது அருந்தியார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. மூச்சை விடுங்கால் சீழ்க்கைபோல் எழுவது வேறு. அது யாழ்ப்பாணத்தார் தொய்வு என்னும் நோயினது.

இவற்றினும் அஞ்சத்தக்கது குறட்டையினிடையே தோன்றும் மௌனம். தொண்டை அடைபட, பத்து வினாடியோ அதன் மேலுமோ மூச்சு நின்று, பின் திணறலோடு மீளும். இரவெல்லாம் இவ்வாறு நிகழின் குருதியில் உயிர்வளி குன்றும். பகலில் உறக்கம் கண்ணைச் சுழற்றும். டிக்கின்ஸ் 1836-37இல் வெளியிட்ட பிக்விக் கதையில், நின்றபடியே உறங்கும் பருத்த பையனொருவன் வருகிறான். பருமனும் பகலுறக்கமும் கூடிய நோயொன்றுக்கு 1956இல் அமெரிக்க மருத்துவர் அந்நூற்பெயரையே இட்டனர்.

என்னோடு பணியாற்றிய ஆசிரியரொருவர் பாடவேளையிற் கண்ணயர்வார். மாணாக்கர் கும்பகருணன் என்றனர். மேலிடத்தார் சோம்பர் என்று எழுதிவைத்தனர். இரவில் அவர் மூச்சு நிற்பதை மனைவியார் அறிவார். அவரைக் கேட்பார்தாம் இல்லை. ஈற்றில் மருத்துவர் அவரை ஓரிரவு கிடத்திச் சோதித்து, மூக்கிற் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியொன்றைக் கொடுத்தனர். 1981இல் சிட்னியிலே கொலின் சலிவன் என்பார் வெளியிட்ட முறை அது. இப்போது அவர் யாப்பிலக்கணத்தையும் விழித்திருந்தே நடத்துகிறார்!

சிறுவர்க்கு ரொன்சில் வீங்குவதாலும் இந்நிலை வரும். வகுப்பிலே பிள்ளை தூங்கி விழுந்தால், ஆசிரியன்மீர், வைவதற்கு முன் தாயாரை அழைத்து அதன் இரவு மூச்சைப் பற்றி வினவுங்கள்.