கூரைத் தண்ணீர் எங்கே போகிறது?

நம் ஊரில் பாத்தி என்றால் கீரைதான் நினைவுக்கு வரும். மட்டாஞ்சேரியில் ஓட்டுக்கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கும் தகரத் தொட்டிக்கும் அதுவே பெயர். எடவப்பாதி மழைக்கு முன் அதைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர்! கொச்சியின் ஆண்டு மழையோ ஏறக்குறைய 3,000 மி.மீ. பாத்திக்கு 3 மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. வாட்டம் போதும்.

ஆனால் இங்கே தொல்லை மேலே இல்லை, கீழே. நம் தெரு ஓடைகள் காயலில் சேர்கின்றன. வேலியேற்றத்தின்போது காயல் நீர் எதிர்த்து ஏறி ஓடையில் நிற்கும். கூரையிலிருந்து இறங்கும் குழாயின் வாய் அதில் மூழ்கினால் சேறு படிந்து அடைத்துக்கொள்ளும். பாத்தி நிரம்பிச் சுவரில் வழியும். வெட்டுக்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பூச்சு பெயரும். ரயில்வேயில் நாங்கள் பாலத்தைவிட அதன் அடியில் ஓடும் தண்ணீருக்குத்தான் அதிகம் பயந்தோம்.

ஓடைச் சுவரில் நீர்க்கறை தெரியும். அதற்கு ஒரு சாண் மேலே குழாயை முடியுங்கள். வாயை அஸ்திவாரத்தை விட்டு வெளியே திருப்பி, தண்ணீர் விழும் இடத்தில் ஒரு கருங்கல் பலகை போடுங்கள். அடுத்த வீட்டுச் சுவர்ப் பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம்.