காருக்கு 'நோ என்ட்ரி' போட்ட தீவு!

அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாமே சக்கரத்தின் மேல். சினிமா நட்சத்திரங்களின் கேரவன் மாதிரிதான். ஆனால் அமெரிக்காவில் இந்த 'மோட்டார் ஹோம்' வண்டியைக் குடும்பத்தினரே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். எங்கே நிறுத்துகிறார்களோ அதுவே வீடு.

அந்த வீட்டை விட்டு இறங்கினால்தான் உள்ளே விடுவோம் என்கிறது ஓர் ஊர். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, ஹூரான் ஏரியில் இருக்கும் மேக்கினா தீவு. 1898-ல் இங்கே காருக்குத் தடை போட்டார்கள். கார் சத்தத்தில் குதிரைகள் மிரண்டதுதான் காரணம். உலகமே குதிரையை விட்டுவிட்டு காருக்கு மாறியபோது, இந்த ஊர் குதிரையின் பக்கம் நின்றது.

வண்டியைத் தீவுக்குள் கொண்டுபோக முடியாது. அங்கே கூடாரம் போட்டுத் தங்கவும் அனுமதியில்லை. அதனால் கரையில் உள்ள மேக்கினா சிட்டி அல்லது செயின்ட் இக்னஸ் ஊரின் முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, படகில் போய்த் திரும்புகிறார்கள் பலர். இந்த இரண்டு ஊர்களையும் இணைப்பது 1957-ல் திறக்கப்பட்ட, 8 கிலோமீட்டர் நீளப் பாலம். காற்று பலமாக வீசும் நாளில் உயரமான வண்டிகளைப் பாலத்தில் தனியாக விடமாட்டார்கள். பாதுகாப்பு வாகனத்தின் பின்னால் மெல்ல ஊர்ந்து போகவேண்டும். மோட்டார் ஹோம் ஓட்டுபவர்கள் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

படகில் சுமார் 20 நிமிடம்தான். இறங்கியதும் மூக்கில் ஏறுவது இரண்டு வாசனை. ஒன்று, நம் ஊர் பால்கோவாவுக்குத் தூரத்துச் சொந்தமான 'ஃபட்ஜ்' இனிப்பு. சளிங்குப் பலகையில் கொட்டிப் புரட்டுவதைக் கடை வாசலிலேயே பார்க்கலாம். இன்னொன்று, குதிரைச் சாணம்! சுற்றுலா விளம்பரப் படங்களில் இந்த இரண்டாவது தெரியாது.

தீவைச் சுற்றிவரும் எம்-185 சாலை, 13 கிலோமீட்டர். மாநில நெடுஞ்சாலைதான், ஆனால் சைக்கிளும் குதிரையும் நடப்பவர்களும் மட்டுமே. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் காடு. வழியில் 'ஆர்ச் ராக்' என்ற சுண்ணாம்புக்கல் வளைவு, இயற்கையே கட்டிய தோரணவாயில் போல நிற்கிறது. ஹார்ன் சத்தம் இல்லாத நெடுஞ்சாலையில் குழந்தையைத் தனியாக சைக்கிள் ஓட்டவிடும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே போகலாம். 1887-ல் கட்டிய கிராண்ட் ஹோட்டலின் 660 அடி நீளத் திண்ணையும் பிரபலம். என்ன, அங்கே தங்காதவர்கள் உட்கார்ந்து பார்க்கக் கட்டணம் உண்டு!

இந்த அமைதி சும்மா வரவில்லை. காய்கறி, சிமென்ட், பார்சல், குப்பை எல்லாவற்றையும் இழுப்பது குதிரைகள். தீவில் நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறக்குறைய 600 பேர். கோடையில் குதிரைகளும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. சாணம் அள்ளுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வாகனங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. உயிர் விஷயத்தில் பிடிவாதம் இல்லை.

குளிர்காலத்தில் ஊரே வேறு. பெரும்பாலான குதிரைகளைப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கு அனுமதி உண்டு. இன்ஜின் சத்தம் கேட்பது அந்தச் சில மாதங்களில்தான். ஏரி கெட்டியாக உறைந்துவிட்டால், கொண்டாடி முடித்த கிறிஸ்துமஸ் மரங்களைப் பனியில் வரிசையாக நட்டு, அதையே வழிகாட்டியாக வைத்து அக்கரைக்குப் போய்வருகிறார்கள். ஆனால் எல்லா ஆண்டும் அப்படி உறைவதில்லை. படகும் ஓடாமல், பனியும் இறுகாமல் இழுத்தடிக்கும் நாட்களில் சிறு விமானம்தான் கதி.