உங்களுக்குத் தெரியுமா? சுருக்கெழுத்தில் வந்த பத்திரிகை!

வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரையில் பழங்குடிகளும் தோல் வியாபாரிகளும் பேரம் பேசிய கலப்பு மொழி சினூக் ஜார்கன். அதற்கென்று எழுத்து இருந்ததில்லை. ஜார்ஜ் கிப்ஸ் 1863இல் வெளியிட்ட அகராதி ஆங்கில முறையில் எழுதப்பட்டது. அந்த மொழியில் நாக்கின் ஓரமாகக் காற்றைச் சீறவிட்டு ஒலிக்கும் மெய்யொலிக்கு ஆங்கிலத்தில் வழியில்லை. ‘க்ல்’ என்று எழுதிச் சமாளித்தார்கள்.

கனடாவின் காம்லூப்ஸில் இருந்த பாதிரியார் லெ ழென் இந்த மொழியை எழுதத் தேர்ந்தெடுத்ததோ பிரெஞ்சுச் சுருக்கெழுத்து! வெறும் கோடுகளும் வளைவுகளும்தான். பழங்குடியினர் பலர் அதை ஆர்வமாகக் கற்றார்கள். 1891இல் ‘காம்லூப்ஸ் வாவா’ என்ற பத்திரிகையே அந்த எழுத்தில் வந்தது. எவ்வளவு துணிச்சலான முடிவு!

இன்று ஆரிகன் மாநிலத்து கிராண்ட் ரோண்ட் பழங்குடிகள் இந்த மொழியை ஒவ்வோர் ஒலிக்கும் தனிக்குறி வைத்து எழுதுகிறார்கள். 2012இல் வெளியான அவர்களுடைய அகராதியும் அந்த முறையில்தான் இருக்கிறது.