தீவின் உயரத்தை அளந்த விமானம்



மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறினால் எந்த வீட்டுக்குள் முதலில் நுழையும் என்று நமக்கெல்லாம் தெரியும். வாசல் ஒரு படி உயரமா இருந்தால் தப்பித்தோம். தாழ்வா இருந்தால் அடுப்பு வரைக்கும் தண்ணிதான். இதே கவலை ஒரு நாட்டுக்கே இருக்கிறது. அந்த நாட்டின் பெயர் துவாலு.

துவாலு எங்கே இருக்கிறது?

பசிபிக் கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவில் இருக்கும் 9 தீவுகள்தான் துவாலு. மொத்த நிலம் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 11,000 பேர். மலை கிடையாது, ஆறும் கிடையாது. பெரும்பாலான நிலம் கடல் மட்டத்திலிருந்து 3 மீட்டர்கூட உயரம் இல்லை.

அங்கே பள்ளம் தோண்டி, நம்ம சேப்பங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த புலாக்கா என்ற கிழங்கைப் பயிரிடுகிறார்கள். பள்ளத்தில் உப்புத் தண்ணி ஏறினால் பயிர் செத்துப் போகும். பவளப்பாறை நிலம் என்பதால், பெரிய அலையேற்றத்தின்போது கடல்நீர் தரைக்கு அடியிலிருந்தும் ஊறி வரும். 2015 மார்ச்சில் பாம் புயலின் அலைகளால் ஏறக்குறைய பாதி மக்கள் பாதிக்கப்பட்டார்கள்.

பழைய வரைபடம் ஏன் போதவில்லை?

செயற்கைக்கோள் வைத்து எடுத்த பழைய உயர வரைபடங்களில் சில மீட்டர் வரை பிழை இருக்கும். தென்னை மரத்தின் தலையையே தரை என்று எடுத்துக்கொள்ளும். தீவே 2, 3 மீட்டர்தான் என்றால் அந்தக் கணக்கை வைத்து என்ன செய்வது?

லேசர் எப்படி அளக்கிறது?

2019-ல் ஒரு விமானம் 9 தீவுகளின் மேலேயும் பறந்து லேசர் ஒளியால் அளந்தது. விமானத்திலிருந்து விநாடிக்குப் பல்லாயிரம் தடவை ஒளி கீழே பாயும். தரையில் பட்டுத் திரும்பும். கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருமே, அது மாதிரி. போய்த் திரும்பிய நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து போய்த் திரும்ப, ஒரு விநாடியை ஒன்றரை லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும்!

மரம் இருந்தால்? கொஞ்சம் ஒளி இலையில் பட்டுத் திரும்பும். கொஞ்சம் இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்புவதை வைத்துத் தரையைக் கண்டுபிடிக்கிறார்கள். பச்சை ஒளி தெளிந்த தண்ணீருக்குள்ளும் போகும் என்பதால், கரையோரக் கடலின் ஆழமும் கிடைத்தது.

இதனால் என்ன பயன்?

கடந்த 30 ஆண்டுகளில் துவாலுவில் கடல் ஏறியது சுமார் 15 சென்டிமீட்டர் என்று 2023-ல் நாசா விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அந்த ஊரில் அதுவே பெரிய விஷயம். இப்போது எந்த அலைக்கு எந்த வீடு, எந்தச் சாலை, எந்தப் பள்ளிக்கூடம் நனையும் என்று முன்கூட்டியே பார்க்க முடிகிறது. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் கடற்காயல் மணலைக் கொட்டி, 7 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 18 ஏக்கர் மேட்டு நிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு உயரம் கொட்டினால் அலை ஏறாது என்பதற்குச் சரியான அளவு வேண்டுமே!

லேசர் கடலைத் தடுக்காது. ஆனால் இருக்கிற பணத்தில் எந்த இடத்தை முதலில் காப்பாற்றுவது என்று சொல்லும். கணக்கு நோட்டைப் பார்க்காமல் நாம் கடன் கொடுப்பதில்லை. நிலத்துக்கும் அப்படித்தான், முதலில் அளவு, பிறகு செலவு. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். நம் ஊரில் தண்ணீர் முதலில் தேங்கும் இடம் எது என்றும் சேர்ந்து குறித்து வையுங்கள்.