புயல் நேரத்தில் லாரி டிரைவருக்கு ஓய்வு உண்டா? சட்டம் சொல்வதும் சாலையில் நடப்பதும்

2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இப்படி ஒரு பேரிடர் வந்தால், நிவாரணப் பொருள்களை ஏற்றிச் செல்லும் லாரி டிரைவர்களுக்கான வேலைநேரக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாகத் தளர்த்த அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

காரைக்காலுக்குக் காட்டுத்தீ வராது. ஆனால் புயல் வரும். ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே வானத்தையும் வானிலை அறிக்கையையும் மாறி மாறிப் பார்க்கும் ஊர் இது. புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் தேவைப்படும் குடிநீர், பால், அரிசி, தார்ப்பாய், ஜெனரேட்டர், மின்கம்பம் எல்லாமே லாரியில்தான் வந்து சேர வேண்டும். அந்த லாரியை ஓட்டுபவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று யாராவது கேட்கிறார்களா?

காரைக்காலுக்கு இரட்டைச் சிக்கல்

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். ஆனால் புதுச்சேரியிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வடக்கே மயிலாடுதுறை, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம் என மூன்று பக்கமும் தமிழ்நாடு. நான்காவது பக்கம் வங்கக்கடல். தலைநகரிலிருந்து கிளம்பும் நிவாரண லாரி கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்துதான் சொந்த மாவட்டத்துக்குள் நுழைய முடியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் லாரிகளும் மினி வேன்களும் டெல்டாவை நோக்கி ஓடின. மரம் விழுந்த சாலை, எரியாத தெருவிளக்கு, தண்ணீர் நிற்கும் பள்ளம் என்று ஓட்டுவதற்கே கடினமான நாள்கள் அவை. டிரைவர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டிய அந்த நாள்களில்தான் அவருக்குத் தூக்கமும் குறைகிறது.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் டிரைவர்களின் வேலைநேரத்துக்கு வரம்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வரம்பு இருக்கிறது, அதுவும் 60 ஆண்டுகளுக்கும் மேலாக. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த வரம்புகள் இவை:

• ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை.

• தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும்.

• ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கும் வரை, இடையில் தொடர்ச்சியாக 9 மணி நேரம் ஓய்வு.

• நெடுந்தூரப் பயணம், திருவிழா போன்ற சமயங்களில் அனுமதி பெற்று நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

வண்டி பழுதானாலோ, போக்குவரத்து தடைபட்டாலோ, இயற்கைச் சீற்றம் ஏற்பட்டாலோ இந்த வரம்பைத் தாண்டி வேலை வாங்கவும் அதே சட்டம் நிபந்தனைகளோடு இடம் தந்தது. அந்தச் சூழ்நிலையில் 9 மணி நேர ஓய்வு என்ற பாதுகாப்பும் விலகிவிடும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91வது பிரிவும் டிரைவர்களின் வேலைநேரம் பற்றியதுதான். அவசர நிலையிலும் எதிர்பாராத தாமதங்களிலும் மாநில அரசு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு விலக்கு தரலாம் என்கிறது அது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் உள்பட 13 சட்டங்களை ஒன்றாகத் திரட்டி 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம் என்ற அடிப்படை அதிலும் தொடர்கிறது.

காரைக்காலின் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஓர் அரசு தரும் விலக்கு அதன் எல்லைக்குள்தான் செல்லும். புதுச்சேரி நிர்வாகம் விலக்கு அறிவித்தாலும், லாரி ஓடும் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் சாலை. இரண்டு அரசுகளும் ஒரே நேரத்தில், ஒரே நிபந்தனையோடு அறிவித்தால்தான் அந்த விலக்குக்குப் பொருள் இருக்கும்.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே சரக்கு லாரி டிரைவர் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரம் கடந்துவிட்டால் ஓட்டக் கூடாது. பெரும்பாலான லாரிகளில் இதைக் கண்காணிக்க மின்னணுக் கருவி இருக்கிறது.

மாநில ஆளுநர் அவசர நிலை அறிவித்தால், நேரடியாக நிவாரணப் பணியில் இருக்கும் லாரிகளுக்கு இந்த நேரக் கட்டுப்பாடு தானாகவே தளரும். முன்பு அது 30 நாள்களுக்கு இருந்தது. 2023இல் விதியைத் திருத்தி 14 நாள்களாகக் குறைத்தார்கள். தளர்வது வேலைநேர வரம்பு மட்டும்தான். லைசென்ஸ், மது மற்றும் போதைப் பரிசோதனை போன்ற மற்ற விதிகள் அப்படியே இருக்கும். களைத்துப்போன டிரைவர் வண்டி ஓட்டக் கூடாது என்ற விதியும் நீங்காது. நிவாரணப் பொருளை இறக்கிய பிறகு ‘எனக்கு உடனே ஓய்வு வேண்டும்’ என்று டிரைவர் சொன்னால், திரும்பும் முன் 10 மணி நேரம் ஓய்வு தந்தே ஆக வேண்டும்.

அதாவது, அங்கே சலுகைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. ‘முடியவில்லை’ என்று சொல்ல டிரைவருக்கு உரிமையும் இருக்கிறது.

இல்லாத வரம்பை எப்படித் தளர்த்துவது?

நம் ஊரில் நிலைமை வேறு. மாதச் சம்பளத்தைவிட டிரிப் கணக்கும் பேட்டாவும்தான் பல டிரைவர்களின் வருமானம். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அடுத்த லோடு கிடைக்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டமே 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் பலர் அதற்கு வெளியே நின்றார்கள். நேஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018இல் நீக்கப்பட்டது.

சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 ஏப்ரலில் இந்த விஷயம் விசாரணைக்கு வந்தது. டிரைவர்களின் வேலைநேர விதிகள் சரியாக அமலாகவில்லை என்பதைக் கவனித்த நீதிமன்றம், அவற்றை நடைமுறைப்படுத்த வழிகாணும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை.

சாதாரண நாளிலேயே 8 மணி நேரம் என்பது ஏட்டளவில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, புயல் நாளில் தனியாக எதைத் தளர்த்துவது?

தூக்கம் கேட்காது சாக்கு

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் கண்டறிந்தார்கள். இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவிகிதம்தான். குடித்தவரைக் கருவி வைத்துப் பிடித்துவிடலாம். தூங்காதவரைப் பிடிக்க அப்படிக் கருவி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 5 மணிக்கு எழுந்த டிரைவர், மதியம் 2 மணி வரை சென்னையில் லோடு ஏறக் காத்திருக்கிறார். பிறகு கிளம்பி இரவு 10 மணிக்குச் சீர்காழியைத் தொடுகிறார். ஸ்டீரிங் பிடித்தது 8 மணி நேரம்தான். ஆனால் அவர் விழித்திருப்பது 17 மணி நேரம். லோடு ஏற்றி இறக்கும் வேலையையும் சட்டம் வேலைநேரமாகவே பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

நேரத்தைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்டலாம்

2021இல் கொரோனா இரண்டாம் அலையில் மருத்துவ ஆக்ஸிஜன் தட்டுப்பாடு வந்தபோது நடந்தது ஒரு நல்ல பாடம். ஆக்ஸிஜன் ஏற்றும் வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்று விலக்கு தரப்பட்டது. காலி டேங்கர்களை விமானப்படை தூக்கிச் சென்றது. ரயில்வே ‘ஆக்ஸிஜன் எக்ஸ்பிரஸ்’ ஓட்டியது. சாலையில் காகிதத் தடைகளும் தூரமும் குறைந்தன. டிரைவரின் தூக்கத்தைக் குறைத்துத்தான் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

காரைக்காலுக்கும் இது பொருந்தும். ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது, வாஞ்சூரில் துறைமுகம் இருக்கிறது. புயல் சின்னம் உருவானதும், முன்கூட்டியே பொருள்களை மாவட்டத்துக்குள் சேர்த்து வைத்தால் கடைசி நேர ஓட்டம் குறையும். புதுச்சேரியும் தமிழ்நாடும் பருவமழைக்கு முன்பே பேசி, எத்தனை நாள், எந்தெந்தப் பொருள், எவ்வளவு கூடுதல் நேரம் என்று ஒரே மாதிரி விலக்கை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

நிவாரணம் அனுப்பும் சங்கங்களும் நண்பர்கள் குழுக்களும் செய்யக்கூடியவை:

• இரவுப் பயணம் என்றால் இரண்டாவது டிரைவரையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்கான சம்பளத்தையும் நன்கொடைக் கணக்கில் சேருங்கள்.

• லோடு தயாரான பிறகு டிரைவரைக் கூப்பிடுங்கள். முன்பே வரவழைத்துக் காக்க வைக்காதீர்கள்.

• சேரும் இடத்தில் லோடு இறக்க ஆள்களை ஏற்பாடு செய்யுங்கள். பள்ளியோ கல்யாண மண்டபமோ, டிரைவர் படுத்துத் தூங்க ஓர் இடம் கொடுங்கள்.

• ‘விடியறதுக்குள்ள வந்துடணும்’ என்று போனில் அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்த புயலுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது முன்கூட்டியே பட்டியலில் இருக்கிறது. அந்த இரவில் நிவாரண லாரி ஓட்டுபவர் எங்கே, எத்தனை மணிக்குத் தூங்குவார் என்பதும் அதேபோல முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.