பிறை பார்க்கும் பைனாகுலரில் வேறு என்ன பார்க்கலாம்?

ரமளான் பிறைக்காகவும் பெருநாள் பிறைக்காகவும் வாங்கிய பைனாகுலர், ஆண்டின் மீதி நாட்களில் பல வீடுகளில் அலமாரியிலேயே கிடக்கிறது. அதன் மேல் 15×70 அல்லது 20×80 என்று எழுதியிருந்தால், நீங்கள் நினைப்பதைவிட நல்ல கருவி உங்கள் வீட்டில் இருக்கிறது.

முதல் எண், பொருள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மங்கலான விண்பொருட்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியின் விட்டம் சுமார் 7 மி.மீ. தான். 70 மி.மீ. கண்ணாடி அதைப்போல் 100 மடங்கு பரப்பில் ஒளியைச் சேர்க்கிறது.

இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. நிலா வெளிச்சத்தில் மங்கலான பொருட்கள் மறைந்துவிடும். எந்த நாள் நல்ல நாள் என்று தேடத் தேவையில்லை, வீட்டில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே போதும். பிறை 20-க்குப் பிறகு இஷா நேரத்தில் நிலா இருக்காது. அதிலிருந்து அடுத்த மாதம் பிறை 3, 4 வரை முன்னிரவில் வானம் இருட்டாக இருக்கும். பிறை 10 முதல் 17 வரை முயற்சி செய்வது வீண்.

டிசம்பர், ஜனவரியில் இஷா தொழுதுவிட்டு வடமேற்கே ஆண்ட்ரோமெடாவைத் தேடுங்கள். நீண்ட புகைத் திட்டு போலத் தெரியும். அது 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு கேலக்ஸி, நம் பால்வீதியைப் போலவே கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம். இஸ்ஃபஹானில் பணியாற்றிய வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி, கி.பி. 964-ஐ ஒட்டி எழுதிய நட்சத்திர நூலில் இதைச் 'சிறு மேகம்' என்று குறித்து, படத்தில் ஒரு மீனின் வாயருகே புள்ளிகளாகக் காட்டினார். தொலைநோக்கி வருவதற்கு 600 ஆண்டுகளுக்கும் முன்பு, வெறும் கண்ணால்!

இனி ஃபில்டர் விஷயத்துக்கு வருவோம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். "ஃபில்டர் போட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியும்" என்று நம்பி வாங்குகிறார்கள். ஃபில்டர் எதையும் பிரகாசமாக்காது; ஒளியை வெட்டத்தான் செய்யும். நெபுலா எனப்படும் வாயு மேகங்களில் பெரும்பாலானவை சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே ஒளிர்கின்றன. ஆக்ஸிஜன் 496, 501 நானோமீட்டரிலும், ஹைட்ரஜன் 486-லும் நீலப்பச்சை ஒளி தருகின்றன. யூ.ஹெச்.சி. என்ற ஃபில்டர் இந்த நிறங்களை விட்டுவிட்டு, தெருவிளக்கு உள்ளிட்ட மற்ற ஒளியைத் தடுக்கிறது. பின்னணி கறுப்பாகிறது, நெபுலா தனித்துத் தெரிகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கு ஒளியை இது எளிதில் வெட்டியது. இப்போதைய வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறங்களிலும் எரிவதால் கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

ஆனால் நட்சத்திர ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. ஆகவே ஆண்ட்ரோமெடாவுக்கும், நம் பிள்ளைகளுக்கு 'சுரையா' என்று பெயர் வைக்கிறோமே, அந்தக் கார்த்திகைக் கூட்டத்துக்கும் இந்த ஃபில்டர் போட்டால் இன்னும் மங்கித்தான் போகும்.

எது நெபுலா? ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன் வாளில் தெரியும் நெபுலா ஃபில்டர் இல்லாமலே அழகு. ஜூலை, ஆகஸ்டில் தெற்கே லகூன் நெபுலாவும் அப்படியே. ஃபில்டரின் அருமையைக் காட்டுவது ஓரியனுக்குக் கிழக்கே உள்ள ரோசெட் நெபுலா. ஃபில்டர் இல்லாமல் நடுவிலுள்ள சிறு நட்சத்திரக் கூட்டம் மட்டும் தெரியும். நல்ல இருட்டில் ஃபில்டர் வைத்தால், அதைச் சுற்றி முழுநிலாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலமான சாம்பல் வளையம் மெல்ல வெளிப்படும். படங்களில் வரும் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள், மங்கிய ஒளியில் நம் கண் நிறம் அறியாது.

கண்பக்க லென்ஸைக் கழற்றும் வசதியுள்ள பெரிய பைனாகுலர்களில் 1.25 அங்குல ஃபில்டரைத் திருகலாம். சாதாரண 15×70-ல் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. அப்போது ஒரே ஒரு ஃபில்டரை ஒரு கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையில் பிடித்து, இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். வித்தியாசம் உடனே புரியும், இரண்டாவது ஃபில்டருக்கான செலவும் மிச்சம்.

ஃபில்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது முக்காலி. இந்தக் கனத்தைக் கையில் பிடித்தால் நட்சத்திரங்கள் ஆடிக்கொண்டே இருக்கும். செல்போனை அணைத்துவிட்டு 20, 30 நிமிடம் இருட்டில் இருந்தால்தான் கண் பழகும். திட்டை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் கூடுதலாகத் தெரியும்.

பிள்ளைகளிடம் கொடுக்கும்போது ஒன்று: இந்த ஃபில்டர்கள் சூரியனிடமிருந்து கண்ணைக் காக்காது. பிறை தேடும் மாலைகளிலும் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே பைனாகுலரை மேற்கே திருப்புங்கள்.